மகளின் முதல் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் மகள் இதுவரை 50, 100 மீட்டர் பந்தயங்களில் மட்டுமே இறங்கியிருக்கிறாள். இப்போது பயிற்றுவிப்பாளர் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பெயர் கொடுக்கலாம் என்கிறார். அந்தப் பேச்சு எழும் நாள் தொடங்கி, முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஓர் அதிகாரபூர்வ நேரம் ஏறும் வரை செய்ய வேண்டியவற்றைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறோம். தாமே பந்தயத்தில் இறங்க நினைக்கும் பெண்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் 400இல் தேட வேண்டியது பதக்கம் அல்ல. 50 மீட்டர் குளத்தில் எடுத்த, நம்பத்தக்க ஒரு நேரம் கையில் வர வேண்டும். தகுதி நேரம் கேட்கும் கிளப் போட்டிகள், தேசிய வயதுப் பிரிவுப் போட்டி, அதற்கப்பால் வெளிநாட்டுப் போட்டி என எல்லாக் கதவும் அந்த ஒரு நேரத்தைப் பார்த்துத்தான் திறக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை நோக்கியே போகின்றன.

1. தயாராகிவிட்டாளா என்று சோதியுங்கள்

50 மீட்டர் குளத்தில் 400 என்பது 8 நீளம், 7 திருப்பம். 25 மீட்டர் குளத்தில் 16 நீளம், 15 திருப்பம். இரண்டும் தனித்தனிக் கணக்கு. குட்டைக் குளத்தில் சுவரை அதிக முறை உதைப்பதால் நேரம் குறைவாகவே வரும். அந்த நேரத்தை நீளக் குளத்து நேரமாக எழுதிக் கொடுப்பது முதல் பொறி. பிறகு ஹீட்டில் (பதிவு நேரப்படி பிரித்துச் சேர்ந்து நீந்தவிடும் குழுவில்) தன்னைவிட வேகமானவர்களிடையே சிக்கி, முதல் 100லேயே மூச்சு வாங்கிவிடுவாள்.

ஸ்விம்சேஃபர் தங்கச் சான்றிதழ் இருந்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். அது நீர்ப் பாதுகாப்புக்கான சான்று. பந்தயத்துக்குத் தயார் என்று அது சொல்வதில்லை. நாங்கள் பார்க்கச் சொல்வது நான்கு விஷயங்கள்:

எங்கும் நிற்காமல் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்த முடிகிறதா? ஒவ்வொரு சுவரிலும் டம்பிள் டர்ன் (நீருக்குள் குட்டிக்கரணம் அடித்துத் திரும்புவது) போடுகிறாளா, அல்லது களைத்ததும் கையால் தொட்டுத் திரும்பத் தொடங்குகிறாளா? தொடக்க மேடையிலிருந்து கண்ணாடி கழலாமல் டைவ் அடிக்கிறாளா? 20 விநாடி ஓய்வோடு 8 முறை 50 மீட்டர் நீந்தினால், எட்டு நேரங்களும் ஒன்றரை விநாடி இடைவெளிக்குள் நிற்கின்றனவா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். முதல் 50 மீட்டர் 36 விநாடியிலும் எட்டாவது 50 மீட்டர் 44 விநாடியிலும் முடிந்தால், அவளுக்கு வேகம் இருக்கிறது, வேக உணர்வு இன்னும் வரவில்லை. இன்னும் ஆறு முதல் எட்டு வாரம் பயிற்சி எடுத்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.

2. குளமும் பயிற்றுவிப்பாளரும்

கூட்டுரிமை வீட்டுக் குளத்தில் 400க்குத் தயாராக முடியாது. வாரத்தில் ஓரிரு முறையாவது 50 மீட்டர் குளம் வேண்டும். ஆக்டிவ்எஸ்ஜி நீச்சல் வளாகங்கள் பலவற்றில் அது இருக்கிறது. நுழைவுக் கட்டணம் ஓரிரு வெள்ளிதான். காலாங்கில் உள்ள ஓசிபிசி நீர் விளையாட்டு நிலையத்தில் ஒரு முறையாவது நீந்திப் பழகுவது நல்லது, ஏனெனில் பெரிய போட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. ஸ்டேடியம் எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம்.

கிளம்பும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பராமரிப்புக்காகக் குளம் மூடியிருக்கும் நேரம். இது ஒவ்வொரு வளாகத்துக்கும் வேறு. இரண்டு, மின்னல். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளிக் குளங்களில் எல்லாரையும் உடனே கரையேறச் சொல்வார்கள். பிற்பகல் மழை அதிகமாகும் மாதங்களில் முக்கியமான பயிற்சியைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பொது நேரத்தில் குளத்தில் டைவ் அடிக்க அனுமதி இல்லை. டைவ் பழக்கம் கிளப் பயிற்சி நேரத்தில், ஆழம் போதுமான இடத்தில், பயிற்றுவிப்பாளர் முன்னிலையில் மட்டுமே நடக்க வேண்டும். தொடக்க மேடை உள்ள சுவரருகே நீரின் ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும் என்பது உலக விதி. அதற்குக் குறைவான குளத்தில் யாராவது மேடையிலிருந்து குதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பயிற்றுவிப்பாளரின் பெயர் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை. நீருக்கடியில் மூச்சடக்கிப் பயிற்சி செய்யச் சொல்பவராக இருந்தால், யார் கண்காணிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். தனியாக மூச்சடக்கிப் பழகும் பிள்ளை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நீருக்குள் மயங்கிவிடக்கூடும்.

3. பதிவும் ஆவணங்களும்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான்; உடம்பு தயாராக இருக்கும், காகிதம் தயாராக இருக்காது.

அதிகாரபூர்வப் போட்டிகளுக்கான பதிவுகள், நாட்டின் நீச்சல் விளையாட்டை நடத்தும் சிங்கப்பூர் அக்வாட்டிக்ஸ் அமைப்போடு இணைந்த கிளப், பள்ளி ஆகியவற்றின் வழியாகப் போகின்றன. பெற்றோர் நேராகப் பெயர் கொடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தனியார் வகுப்பில் மட்டும் கற்கும் பிள்ளைக்கு முதலில் ஓர் இணைந்த கிளப் வேண்டும். கிளப் மாறினால், பழைய கிளப்பின் விடுவிப்பு, எந்தத் தேதியிலிருந்து புதிய கிளப் பெயரில் நீந்தலாம் என்பது ஆகிய இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கிளப் மாற்றாதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டையின் படி, வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழும் மாணவர் அல்லது சார்ந்தோர் அட்டையும், கிளப்பின் உறுப்பினர் எண், பெற்றோர் ஒப்புதல் படிவம், ஆஸ்துமா போன்றவை இருந்தால் மருத்துவர் கடிதம். எல்லாவற்றையும் கைப்பேசியில் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.

நம்மவர் பெயர்களில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பதிவு மென்பொருள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் பிள்ளைகளின் அடையாள அட்டையிலோ ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர் இருக்கும், அல்லது வெறும் தலைப்பெழுத்து இருக்கும். ஒரு போட்டியில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும், அடுத்ததில் தலைப்பெழுத்தை மட்டும் போட்டும் பதிந்தால், மென்பொருள் அவளை இரண்டு பேராக எடுத்துக்கொள்ளும். பழைய நேரம் புதிய பெயரோடு சேராது. தகுதி நேரத்துக்குச் சான்று இல்லை என்று பதில் வரும். முதல் பதிவிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, எழுத்துக்கூட்டல் உட்பட, அதைக் கிளப் நிர்வாகிக்கு எழுதி அனுப்புங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது மாறினால் வயதுப் பிரிவே மாறிவிடலாம்.

வயது எந்த நாளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்பது போட்டிக்குப் போட்டி வேறுபடும். சிலவற்றில் போட்டியின் முதல் நாள், சிலவற்றில் அந்த ஆண்டின் டிசம்பர் 31. போட்டி அறிவிப்பில் தேடி அடிக்கோடிடுங்கள்.

பள்ளி நாள்களில் காலை ஹீட் இருந்தால் விடுப்பு வேண்டும். கிளப்பிடமிருந்து கடிதம் வாங்கிப் பள்ளியில் முன்கூட்டியே கொடுங்கள். தொடக்கநிலை 6இல் இருக்கும் பிள்ளைக்கு, ஆண்டின் மூன்றாம் தவணைக்குப் பிறகு வரும் போட்டிகளை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. நீச்சல் அடுத்த ஆண்டும் இருக்கும்.

4. எந்தப் போட்டி, எப்போது, எவ்வளவு

தேசிய வயதுப் பிரிவு நீச்சல் போட்டி வழக்கமாக மார்ச் மாதத்தில் நடக்கும். நீச்சல் வட்டாரத்தில் எல்லாரும் அதை ‘ஸ்நாக்’ என்பார்கள். அதில் தகுதி நேரம் கேட்பார்கள். ஆகவே முதல் 400ஐ அதற்குக் குறைந்தது மூன்று, நான்கு மாதம் முன்பு ஒரு கிளப் போட்டியில் நீந்திவிட வேண்டும். மார்ச்சை இலக்காக வைத்தால் முந்தைய ஆண்டின் இறுதிக்குள் முதல் நேரம் கையில் இருக்க வேண்டும். ஒரு பந்தயம் தவறினாலும் இன்னொன்றுக்கு இடம் இருக்கும்.

பதிவு முடியும் தேதி பெரும்பாலும் போட்டிக்குப் பல வாரம் முன்னதாகவே வந்துவிடும். அதற்கும் சில நாள் முன்பு கிளப்பின் உள் கெடு. நீங்கள் பின்பற்ற வேண்டியது கிளப்பின் கெடுவை. 400க்கு மட்டும் ஹீட்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் போட்டிகள் உண்டு, ஏனெனில் ஒரு ஹீட்டே ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். கடைசி நாளில் பெயர் கொடுத்தால் இடம் கிடைக்காமல் போகலாம்.

பெயர் கொடுத்துவிட்டு விலகுவதற்கும் கெடு உண்டு. அதைத் தாண்டிச் சொல்லாமல் வராமல் இருந்தால் பல போட்டிகளில் அபராதம் கட்ட வேண்டும். அன்றைய மற்றப் பந்தயங்களிலிருந்தும் நீக்கக்கூடும்.

செலவை இப்படிப் பிரித்துப் பாருங்கள். மாதாமாதம் போவது கிளப் கட்டணம். வாரத்துக்கு எத்தனை முறை பயிற்சி என்பதைப் பொறுத்து நூறு வெள்ளிக்கு மேல் சில நூறு வரை. பந்தயம் ஒவ்வொன்றுக்கும் தனி நுழைவுக் கட்டணம், அதோடு சில கிளப்புகள் வாங்கும் நிர்வாகக் கட்டணம். ஆண்டுக்கொரு முறை பதிவுக் கட்டணம். உடைக்கு ஆகும் செலவைத் தனியே ஆறாம் படியில் சொல்கிறோம், அங்கேதான் வீண் செலவு அதிகம். கட்டிய கட்டணம் விலகினாலும் பெரும்பாலும் திரும்ப வராது.

5. வேகத்தைப் பங்கிடக் கற்றுக்கொடுங்கள்

400இல் தோற்பவர்களில் பெரும்பாலோர் முதல் 100இல் தோற்கிறார்கள். டைவின் உந்துதல் இருக்கும், உடம்பு புத்துணர்வோடு இருக்கும், பக்கத்துத் தடத்தில் இருப்பவள் பாய்ந்து போவாள். அந்த 100 எளிதாகத் தோன்றும். அதற்கான விலையை 200க்கும் 300க்கும் இடையே கொடுக்க வேண்டியிருக்கும்: தோள் கனக்கும், கை நீருக்குள் நீளாது, ஒரு நீளத்துக்கு 42 கை வீச்சு எடுத்தவள் 48 எடுப்பாள், ஆனாலும் மெதுவாகத்தான் நகர்வாள்.

இலக்கு 5 நிமிடம் 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50க்கு 40 விநாடி. நல்ல பங்கீடு இப்படி இருக்கும்: 37.5, 40.0, 40.5, 40.5, 40.5, 40.7, 40.5, 39.8. நூறு நூறாகச் சொன்னால் 1:17.5, 1:21.0, 1:21.2, 1:20.3. முதல் 200 மீட்டர் 2:38.5, இரண்டாவது 200 மீட்டர் 2:41.5. வித்தியாசம் மூன்றே விநாடி. முதல் 50 மட்டும் வேகமாகத் தெரிவது டைவினால். அதற்கு மேல் வேகமாகப் போனால் அது தவறு. பத்து விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடுத்த மாதப் பயிற்சி முழுவதும் பங்கீட்டுக்காகவே இருக்கட்டும்.

மூன்றாவது 100ஐத் தனியாகக் கவனியுங்கள். முடிவு கண்ணுக்குத் தெரியாத இடம் அது, மனமும் அங்கேதான் தளரும். ‘200 தொட்டதும் காலை உதைக்கத் தொடங்கு’ என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். முதல் பாதியில் கால் மெல்ல அடித்தால் போதும். பாதியைத் தாண்டியதும் உதையைக் கூட்டினால் குறையும் வேகம் சரிக்கட்டும்.

உலகின் சிறந்த பெண்கள் 400ஐ எப்படி நீந்துகிறார்கள் என்று மகளோடு உட்கார்ந்து பாருங்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் 300 மீட்டர் வரை அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி முன்னால் இருந்தார். ஆஸ்திரேலியாவின் ஆரியார்ன் டிட்மஸ் பதறாமல் கூடவே போய், கடைசி 100இல் முந்தி, 3:56.69இல் தங்கம் வென்றார். 2025 ஜூலையில் உலக நீச்சல் போட்டி நம் காலாங்குக்கே வந்தது; அங்கே கனடாவின் சம்மர் மெக்கின்டோஷ் 3:56.26இல் வென்றார், சீனாவின் லீ பிங்ஜியே இரண்டாவது, லெடெக்கி மூன்றாவது. அதற்கு முந்தைய மாதம்தான் மெக்கின்டோஷ் 3:54.18 என்ற உலகச் சாதனையைப் படைத்திருந்தார். பார்க்கும்போது யார் முன்னால் என்று பார்க்காதீர்கள். திரையில் வரும் ஒவ்வொரு 50இன் நேரத்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எண்கள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டால் நீங்கள் அதிகம் பேசத் தேவையில்லை.

பயிற்சியில் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு. ஒன்று, உடைத்த 400: நான்கு 100, நடுவே 10 விநாடி ஓய்வு. மொத்த நேரத்திலிருந்து மூன்று ஓய்வுகளின் 30 விநாடியைக் கழித்தால் வருவது, பந்தயத்தில் எதிர்பார்க்கக்கூடிய நேரத்துக்குச் சற்று வேகமான கணிப்பு. இரண்டு, திருப்பம். 7 திருப்பத்தில் ஒவ்வொன்றிலும் அரை விநாடி மிச்சம் பிடித்தால் மூன்றரை விநாடி. மூச்சிரைக்கும்போது சுவருக்கு முந்தைய வீச்சில் தலை தூக்கி மூச்சு வாங்குவதுதான் திருப்பத்தைக் கெடுக்கும் முதல் பழக்கம். குளத்தின் அடியில் உள்ள கருங்கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்பே முடியும். அந்தக் குறுக்குக் கோட்டைக் கண்டதும் தலை கீழே இருக்க வேண்டும்.

6. உடை, முடி, செலவு

முதல் 400க்கு விலை உயர்ந்த பந்தய உடை வேண்டாம். முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் அந்த உடைகள் சில நூறு வெள்ளி விலை. போட்டுக்கொள்ளவே கால் மணி நேரம் பிடிக்கும். சில போட்டிகளுக்குப் பிறகு இறுக்கம் தளர்ந்துவிடும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் அளவும் போதாது. நன்றாகப் பொருந்தும் சாதாரணப் பயிற்சி உடையே போதும். தகுதி நேரத்துக்கு அரை விநாடி குறையும் நாள் வரும்போது அதைப் பற்றி யோசியுங்கள். வாங்கினால் உலக நீச்சல் அமைப்பின் ஒப்புதல் முத்திரை உடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் அது போலியாகவும் இருக்கலாம். துவைப்பது குளிர்ந்த நீரில், கையால். வெயிலில் காயப்போடக் கூடாது.

உலக விதிப்படி பெண்களின் உடை கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரே உடைதான், ஒன்றன்மேல் ஒன்று கூடாது. உடலை இன்னும் மூடும் உடை வேண்டும் என்று குடும்பத்தில் நினைத்தால், போட்டி நாளன்று வாதிடாமல், பல வாரம் முன்பே கிளப் வழியாக ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். காயத்துக்கான ஒட்டுப்பட்டைக்கும் நடுவரின் அனுமதி வேண்டும்.

நீண்ட முடிக்குக் கொஞ்சம் திட்டம் தேவை. எண்ணெய் தேய்த்த தலையில் சிலிக்கான் தொப்பி நிற்காது, டைவிலேயே வழுக்கும். போட்டிக்கு முந்தைய நாள் தலைக்குக் குளித்து எண்ணெயைப் போக்கிவிடுங்கள். பின்னலை உச்சியில் கட்டாமல் பிடரிக்குச் சற்று மேலே தட்டையாகச் சுற்றிக் கட்டினால் தொப்பி புடைக்காது. இரண்டு தொப்பி போடலாம்: உள்ளே ஒன்று, அதன்மேல் கண்ணாடியின் பட்டை, அதற்கும் மேல் இன்னொன்று. டைவில் கண்ணாடி கழலாமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை. சங்கிலி, வளையல், தொங்கும் காதணி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். உடைமாற்றும் அறையில் நகை தொலைந்தால் தேடிக் கிடைப்பது அரிது. கையில் கட்டிய கறுப்புக் கயிறும் போட்டியில் வேண்டாம்.

கண்ணாடி இரண்டு. இரண்டுமே ஏற்கெனவே போட்டுப் பழகியவையாக இருக்க வேண்டும்.

7. உடம்பு

மாதவிடாய் நாளில் பந்தயம் வந்தால் நீந்தலாமா என்ற கேள்விக்குப் பதில்: நீந்தலாம். வலி அதிகமில்லை என்றால் தடை ஏதும் இல்லை. டாம்பன் அல்லது கப் பயன்படுத்துவதாக இருந்தால் முதன்முறையாகப் போட்டியன்று முயற்சி செய்ய வேண்டாம். பயிற்சி நாள்களில் பழகட்டும். அம்மாவோ அக்காவோ இதை முன்பே வெளிப்படையாகப் பேசிவிட்டால் பிள்ளைக்குப் பெரிய பாரம் இறங்கும்.

பயிற்சி கூடியும் நேரம் குறையாமல், எப்போதும் களைப்பாக இருந்தால் இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளுக்கும் இது முக்கியம். மருத்துவர் சொல்லாமல் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

போட்டிக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பு இட்லி நல்ல உணவு. தேங்காய்ச் சட்னியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பரோட்டா, நாசி லெமாக், பூரி எல்லாம் எண்ணெய் மிகுந்தவை, பந்தயம் முடிந்த பிறகு சாப்பிடட்டும். ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், பிறகு சிறு சிறு வாயாகத் தண்ணீர்.

8. போட்டி நாள்

உள்ளரங்கக் குளத்தின் நீர் நம் திறந்தவெளிக் குளங்களைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்; போட்டி நீருக்கு உலக விதி 25 முதல் 28 டிகிரி. ஆகவே இரண்டு துண்டு, குளிரங்கி, காலுறை எடுத்துச் செல்லுங்கள். ஈர உடையில் ஒரு மணி நேரம் காத்திருந்த பிள்ளையின் தசைகள் இறுகிவிடும்.

ஹீட் பட்டியலை முந்தைய இரவே எடுத்து, பந்தய எண், ஹீட், தடம் மூன்றையும் கையில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். நீரில் இறங்கிப் பழகும் நேரத்தில் 600 முதல் 1000 மீட்டர். அதில் நான்கு 50ஆவது பந்தய வேகத்தில். அப்போது கால் முதலில் நீரில் படும்படிதான் இறங்க வேண்டும். டைவ் அதற்கென்று ஒதுக்கிய தடத்தில் மட்டுமே.

பந்தயத்துக்கு முன் பெயர் சரிபார்த்து வரிசைப்படுத்தும் அழைப்பு அறைக்கு, அறிவிப்பில் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேரட்டும். 400க்கு முன் நடக்கும் பந்தயங்கள் சில நேரம் எதிர்பார்த்ததைவிட விரைவாக முடிந்துவிடும். பெற்றோருக்குக் குளத்தோரம் அனுமதி இல்லை. இருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு 50இன் நேரத்தையும் கைக்கடிகாரத்தில் எடுங்கள். பலகையில் தெரியாமல் போனால் அது பயிற்றுவிப்பாளருக்கு உதவும்.

குறுகிய விசில்கள் வந்தால் மேலங்கியைக் கழற்ற வேண்டும். நீண்ட விசில் வந்தால் மேடை ஏற வேண்டும். ‘டேக் யுவர் மார்க்ஸ்’ என்றதும் குனிந்து அசையாமல் நிற்க வேண்டும். சத்தத்துக்கு முன் புறப்பட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது, தகுதியிழப்புதான். 400இல் புறப்பாட்டில் கால் விநாடி தாமதித்தால் ஒன்றும் குடிமுழுகாது என்று அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

நீள எண்ணிக்கை அவள் பொறுப்பு. 800, 1500 மீட்டர்களில் எண் பலகை காட்டுவார்கள், கடைசிக்கு முன் மணி அடிப்பார்கள். 400இல் இரண்டும் இல்லை. எட்டை எண்ணுவது குழப்பும். தொடங்கிய சுவரை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்: 50 மீட்டர் குளத்தில் அந்தச் சுவர் வருவது 100, 200, 300இல். மூன்று முறை திரும்பிவிட்டு நான்காவது முறை கையால் தொட்டால் முடிந்தது. 300இல் முடிந்துவிட்டதாக நினைத்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. அப்படி நின்றாலும் நீரைவிட்டு ஏறக் கூடாது, அடியில் நடக்கக் கூடாது; உடனே சுவரைத் தள்ளித் தொடர்ந்தால் பந்தயம் செல்லும்.

மற்றத் தகுதியிழப்புகள் சிலதான். புறப்பட்ட பின்னும் திருப்பத்துக்குப் பின்னும் 15 மீட்டருக்குள் தலை நீரைக் கிழித்து வெளியே வர வேண்டும். தடக் கயிற்றில் அந்த இடம் வேறு நிறத்தில் இருக்கும். திருப்பத்தில் கால் சுவரைத் தொடாமல் போனால் திரும்பி வந்து தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தடக் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. முடித்ததும் தொடு பலகையை அழுத்தித் தொட வேண்டும். மெல்ல மிதந்து வந்து தொட்டால் கடிகாரம் நிற்காமல் போகலாம். மற்றவர்கள் முடிக்கும் வரை தன் தடத்திலேயே இருக்கட்டும்.

தகுதியிழப்பு தவறு என்று தோன்றினால் நடுவரிடம் நீங்கள் போகாதீர்கள். முறையீடு அணி மேலாளர் வழியாக, பந்தயம் முடிந்த 30 நிமிடத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். உடனே அவரைத் தேடிப் போங்கள்.

9. அனைத்துலகப் போட்டி கண்ணில் பட்டால்

வெளிநாட்டில் கிளப் அழைப்புப் போட்டிகளுக்குக் கிளப்பே கூட்டிப்போகும். விமானம், தங்குமிடம், உடன்வரும் பயிற்றுவிப்பாளரின் செலவில் ஒரு பங்கு எல்லாம் பெற்றோர் கணக்கு. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். நாட்டுக்காக நீந்துவது வேறு. அதற்குத் தேர்வு சிங்கப்பூர் அக்வாட்டிக்ஸ் கையில், சிங்கப்பூர்க் குடியுரிமையும் வேண்டும். நிரந்தரவாசக் குடும்பங்கள் இதைப் பிள்ளைக்கு 12 வயது ஆகும்போதே பேசிவிடுவது நல்லது; நேரம் எட்டிய பிறகு பேசினால் பிள்ளை மனம் உடைந்துபோகும்.

உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் 400க்கு அரையிறுதி இல்லை. காலையில் ஹீட், அதில் முதல் எட்டுப் பேர் நேராக இறுதிக்குப் போவார்கள். ஹீட்டில் சக்தியை மிச்சம் பிடிக்க இடமில்லை என்பதால் ஒரே நாளில் இரண்டு கடுமையான 400களுக்கு உடம்பைப் பழக்க வேண்டும். நம் கான் சிங் ஹுவீ பாரிஸ் ஒலிம்பிக்கில் 800, 1500 மீட்டரில் நீந்தினார். நீண்ட தூரத்தில் சிங்கப்பூர்ப் பெண்ணால் அவ்வளவு உயரம் போக முடியும் என்று காட்ட வெளியில் தேட வேண்டியதில்லை.

ஊக்கமருந்துச் சோதனை சிறுவயதினருக்கும் உண்டு. சளிக்கு எடுக்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபிட்ரின் போட்டி நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் குற்றம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமாலுக்கும் அளவு வரம்பு இருக்கிறது: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600. பொருளடக்கம் எழுதாத நாட்டு மருந்து, லேகியம், புரதப் பொடி எதையும் கொடுக்காதீர்கள்.

10. நேரம் வந்த பிறகு

அதிகாரபூர்வ முடிவுப் பட்டியல் வெளியானதும் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். போட்டியின் பெயர், தேதி, குளத்தின் நீளம், ஒவ்வொரு 50இன் நேரம் நான்கும் அதில் தெரிய வேண்டும். கைப்பேசிச் செயலியின் திரைப் படம் சான்றாக ஏற்கப்படாமல் போகலாம். உங்கள் கைக்கடிகார நேரமும், பயிற்சியில் எடுத்த நேரமும் எங்கும் செல்லாது.

வெவ்வேறு பந்தயங்களை ஒப்பிட உலக அமைப்பின் புள்ளி முறை உதவும். அடிப்படை நேரத்தை (உலகச் சாதனையை ஒட்டி வைப்பது) அவள் நேரத்தால் வகுத்து, விடையின் மும்மடியை (விடை × விடை × விடை) 1000ஆல் பெருக்க வேண்டும். 3:54.18ஐ அடிப்படையாகக் கொண்டால், சரியாக 5 நிமிடத்தில் முடித்தவளுக்கு 475 புள்ளி. 400இல் வாங்கும் புள்ளி 100இல் வாங்குவதைவிட அதிகமாக இருந்தால், அவளுக்கு எந்தத் தூரம் பொருந்துகிறது என்று பயிற்றுவிப்பாளரிடம் பேச அது நல்ல தொடக்கம்.

அடுத்த 400ஐ ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வையுங்கள். பதிவுத் தாளில் அவள் நேரத்தை நூறில் ஒரு விநாடி வரை அப்படியே எழுதுங்கள். 5:23.87ஐ 5:20 என்று நீங்களாகவே குறைத்து எழுதினால், ஹீட் தவறுவதோடு சான்று சரிபார்ப்பிலும் பெயர் நிறுத்தி வைக்கப்படும்.